அலுமினியப் படகைப் புதுப்பிக்கும்போது எந்த ஃபோம் போடுவது?

கேள்வி சுருக்கமாக இது: பழைய 14 அடி அலுமினியப் படகு, ரிவெட் அடித்தது, குறுக்கே மூன்று பெட்டி சீட்டுகள், 8 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். ஓடப்போவது உப்பனாற்றிலும் கெடிலம் முகத்துவாரத்திலும், எப்போதாவது சுண்ணாம்பாறு வரை. தளப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் ஃபோம் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபைபர் படகு வேலை பார்க்கும் ஒருவர், இரண்டு கெமிக்கலைக் கலந்து ஊற்றினால் தளத்துக்கு அடியில் முழுக்க நிரம்பிவிடும் என்கிறார். இன்னொருவர் தெர்மோகோலே போதும் என்கிறார். எதைப் போடுவது, எவ்வளவு போடுவது?

படகுக்குள் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்காமல் மிதக்க வைக்கத்தான் இந்த ஃபோம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டிட வேலைக்கு விற்கும் எக்ஸ்.பி.எஸ். என்ற பாலிஸ்டைரின் ஃபோம் பலகையை அளவுக்கு வெட்டி, கழற்றி எடுக்கிற மாதிரி, அலுமினியத்தில் ஒட்டாமல் வையுங்கள். பெட்ரோல் டேங்க் இருக்கும் இடத்தில் மட்டும் இ.பி.இ. (பாலிஎத்திலீன் ஃபோம்) ஷீட். இரண்டு கெமிக்கலைக் கலந்து ஊற்றும் ஃபோமை முடிந்தவரை தவிருங்கள். தளத்துக்கு அடியில் அல்ல, பக்கவாட்டில் விளிம்புக்குக் கீழும் பின்பக்க இரு மூலைகளிலும் அதிகம் வையுங்கள்.

ஃபைபர் பட்டறைக்காரர் சொல்வது அவர் தொழிலுக்குச் சரி. நம் கரையில் ஓடும் சிறு படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர். அதில் ஃபோமைச் சுற்றி ரெசின் போட்டு மூடிவிட்டால் ஈரம் நின்றாலும் ஓடு அரிக்காது. அலுமினியத்தின் கதை வேறு. அதன் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அது மறுபடி உருவாகிவிடும். உலோகத்தைக் காப்பது அந்தப் படலம்தான். ஊற்றிய ஃபோம் உலோகத்தோடு ஒட்டி நிற்கும் வரை தொல்லை இல்லை. ஒரு மழை சீசன், ஒரு வெயில் சீசன் கழிந்ததும் ஓரங்களில் மயிரிழை அளவுக்கு விட்டுவிடும். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, குளோரைடு சேர்கிறது, படலம் திரும்ப உருவாக முடியாமல் புள்ளி புள்ளியாகக் குழி விழுகிறது. ஃபோமைப் பெயர்க்கும்போது கீழே வெள்ளை மாவு மாதிரி படிந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து ஊசித்துளை விழும்.

ஆகவே ஃபோமைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு லிட்டருக்கு எவ்வளவு மிதக்க வைக்கும் என்பதைப் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை. அதில் எல்லா வகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள ஃபோம் நல்ல தண்ணீரில் 980 கிலோவைத் தாங்கும். 40 கிலோ எடையுள்ளது 960 கிலோவைத் தாங்கும். வித்தியாசம் இரண்டே சதவீதம். தண்ணீர் குடிக்குமா, பெட்ரோலில் கரையுமா, அடியில் ஈரம் தேங்க விடுமா, ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்க முடியுமா என்பவைதான் பார்க்க வேண்டியவை.

இனி ஒவ்வொன்றாக.

தெர்மோகோல், அதாவது இ.பி.எஸ்., உடைத்தால் மணி மணியாகத் தெரியும். எல்லாத் தெர்மோகோலும் ஒன்றல்ல. இதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4671 கன மீட்டருக்கு 15, 20, 25, 30, 35 கிலோ என்று அடர்த்தி வகைகளைச் சொல்கிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைப்பதும் டி.வி. பெட்டியில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் அடிமட்டம், அல்லது அதற்கும் கீழே. வாங்கும்போது தராசில் வையுங்கள்: ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், 50 மி.மீ. கனம் உள்ள ஷீட் 25 லிட்டர். அது 375 கிராம் இருந்தால் 15 அடர்த்தி, 500 இருந்தால் 20, 750 இருந்தால் 30. படகுக்கு 25க்குக் கீழே தொடாதீர்கள். குறைந்த அடர்த்தியில் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். ஆட்டத்தில் மணிகள் உதிர்ந்து வடிகால் துளையை அடைக்கும், பிறகு கழியில் மிதக்கும். பிச்சாவரம், கிள்ளை மாதிரி இடங்களில் அலையாத்தி வேர்களில் சிக்கியிருக்கும் வெள்ளை மணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எறும்புக்கும் எலிக்கும் தெர்மோகோல் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். படகு கரையில் கிடக்கும் மாதங்களில் உள்ளே குடைந்து கூடு கட்டிவிடும்.

எக்ஸ்.பி.எஸ். அதே பாலிஸ்டைரின்தான், ஆனால் மணிகளை ஒட்டாமல், உருக்கி அச்சு வழியாகத் தள்ளிச் செய்தது. உடைத்தால் மணி தெரியாது, ஒரே சீரான நுண்துளைகள். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறத்தில் வரும். மொட்டை மாடியில் வெப்பம் இறங்காமல் இருக்கவும் குளிர்பதன அறைச் சுவருக்கும் போடுவது இதைத்தான். அந்தச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், பேக்கிங் கடைகளில் கிடைக்காது. வழக்கமான பலகை 1250 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், 50 மி.மீ. கனத்தில் ஒன்று 37.5 லிட்டர். அடர்த்தி 30இலிருந்து 36 வரை. தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, மிதித்தாலும் சட்டென்று அமுங்காது, அரம்பத்தால் சுத்தமாக வெட்டலாம். இதற்கும் தெர்மோகோலுக்கும் பொதுவான ஒரே பெரிய குறை, பெட்ரோல். ஒரு சொட்டு விழுந்தாலே குழி விழும். அடைத்த சீட்டுக்குள் பெட்ரோல் ஆவியே நாளடைவில் மேற்பரப்பை உருக்கும். மண்ணெண்ணெய் இவ்வளவு வேகமாகச் செய்யாது, ஆனால் ஊற விட்டால் அதுவும் விடாது.

இ.பி.இ. என்பது பாலிஎத்திலீன் ஃபோம். வளைத்தால் வளையும், விட்டால் திரும்பும். ஃபிரிட்ஜ் பேக்கிங்கின் மூலைகளில் வரும் வெள்ளை ரப்பர் மாதிரியான சாமான். தண்ணீர் குடிக்காது, பெட்ரோல் பட்டால் கரையாது, ஆட்டத்தில் உடையாது. குறை இரண்டு: பாரம் ஏற்றினால் நாளடைவில் அமுங்கும், அதனால் தளத்தைத் தாங்க வைக்கக் கூடாது, லிட்டர் கணக்கில் விலை கூடுதல். வளைந்த பக்கச்சுவரை ஒட்டி வைக்கவும் டேங்க் பக்கத்திலும் இதைவிட நல்லது இல்லை. வலைக்குக் கட்டும் மிதவைகளும் மூடிய துளை ஃபோம்தான். கையில் பழைய மிதவைகள் நிறையக் கிடந்தால் முன்பக்க அணியத்தில் வலைப்பையில் கட்டிச் செருகலாம். புதிதாக வாங்கி நிரப்பக் கட்டுப்படியாகாது.

ஊற்றும் பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். பாலியால், ஐசோசயனேட் என்று இரண்டு திரவம். மீன் ஐஸ் பெட்டி செய்பவர்கள் பயன்படுத்துவதும் இதுதான். பெட்ரோலுக்கு அசையாது, எந்த வளைவையும் நிரப்பும். கன மீட்டருக்கு 32 கிலோ வகையில் ஒரு கிலோ கலவை திறந்த இடத்தில் 31 லிட்டர் பொங்கும். மூடிய அறைக்குள் நெருங்கி நிற்பதால் 25 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். கெடுவது எங்கே? முதலில் விகிதம். சிலர் அளவில் ஒன்றுக்கு ஒன்று என்று சொன்னதை எடையில் எடுத்துவிடுவார்கள். ஐசோசயனேட் பாலியாலைவிடக் கனமானது. எடையில் சமம் எடுத்தால் அளவில் பாலியால் கூடிவிடும். பாலியால் கூடினால் ஃபோம் மெத்தென்று இருக்கும், சுருங்கும், தண்ணீர் குடிக்கும். ஐசோசயனேட் கூடினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அடுத்து வெப்பம். இது சூட்டைக் கக்கியபடி பொங்குவது. ஒரே தடவையில் பெரிய அறையை நிரப்பினால் நடுவில் கருகிப் பிளவு விடும், மோசமானால் புகையும். ஒரு பக்கெட் கலவையை மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு நிதானமாக ஊற்றுகிறேன் என்பதெல்லாம் நடக்காது. நம் ஊர் 34, 35 டிகிரியில் கலந்து அரை நிமிடம்கூட ஆகாமல் பொங்கத் தொடங்கிவிடும். விடியற்காலையில், கேன்களை நிழலில் வைத்திருந்து, சிறு சிறு அளவாக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கும் ஆறிய பிறகே அடுத்தது. ஈரக் காற்று, ஈரமான உலோகம் இரண்டும் எதிரி. ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், துளைகள் பெரிதாகித் திறந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். பொங்கும் ஃபோமின் அழுத்தம் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பிதுக்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். மேலே விரல் நுழையும் அளவுக்கு இரண்டு துளையாவது வேண்டும்.

ஆவி விஷயம் விளையாட்டல்ல. ஐசோசயனேட் ஒருமுறை ஒருவரின் உடலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் முகர்ந்தாலும் மூச்சு இழுக்கும். துணி முகமூடி எதற்கும் உதவாது. கரி வடிகட்டி உள்ள முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும், வேலை திறந்த வெளியில்.

வளைந்த மூலையில் பி.யு. தவிர வேறு வழியே இல்லை என்றால் ஒரு வழி உண்டு. அந்த அறைக்குள் கனமான பாலித்தீன் பையை விரித்து அதற்குள் ஊற்றுங்கள். ஃபோம் மூலையின் வடிவத்தையே எடுக்கும், ஆனால் உலோகத்தில் ஒட்டாது. ஆறியதும் கட்டியை வெளியே எடுத்து, பையை உரித்துவிட்டு, அடியில் இடைவெளி விட்டுத் திரும்ப வைக்கலாம். அறையின் வாய் குறுகலாக இருந்து கட்டி வெளியே வராது என்றால் அங்கே ஊற்றவே கூடாது.

கேனில் வரும் ஸ்ப்ரே ஃபோம், கதவு நிலை ஓட்டை அடைப்பதற்கு. காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் சாமான். ஆழமான இடத்தில் நடுப்பகுதி இறுகாமலே கிடக்கும், தண்ணீரும் குடிக்கும். மெத்தை ஸ்பாஞ்சும் வேண்டாம். காலி தண்ணீர் பாட்டில்கள்? மூடி இறுக்கமாக இருந்தால் மிதக்கும்தான். உருளைகளுக்கு இடையே சந்து போக, அறையின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலேதான் பயன்படும். வெயிலில் விரிந்து சுருங்கி மூடி தளரும், ஒன்றோடொன்று உரசித் துளை விழும். கூடுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

எது வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 10 செ.மீ. கனசதுரம் ஒன்று வெட்டினால் சரியாக ஒரு லிட்டர். சிறிய டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். வாளியில் கல் வைத்து ஏழு நாள் அமுக்கி, எடுத்து மேற்பரப்பைத் துடைத்து, மறுபடி எடை. ஒவ்வொரு 10 கிராம் கூடுதலும் ஒரு சதவீத மிதப்பு இழப்பு. 10 கிராமுக்குள் நின்றால் நல்ல சரக்கு. 40ஐத் தாண்டினால் வேண்டாம். பெட்ரோலுக்கும் இதேபோல் சிறு துண்டைத் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல், கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் சிறு படகு விதிகளில் இதற்கென்றே சோதனை உண்டு: 24 மணி நேரம் பெட்ரோலில் மூழ்கிய பிறகும் மிதப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. பாலிஸ்டைரின் அதில் சில நிமிடங்கள்கூட நிற்காது.

இதே ஒரு லிட்டர் முறையில் உங்கள் பழைய மஞ்சள் ஃபோமையும் எடை போடலாம். காய்ந்த பி.யு. ஒரு லிட்டர் 32 கிராம் சுமார். வெட்டிய துண்டு 430 கிராம் இருந்தால் அதில் 40 சதவீதம் தண்ணீர். தளத்துக்கு அடியில் 150 லிட்டர் ஃபோம் இருந்து அத்தனையும் இப்படி ஊறியிருந்தால், 5 கிலோ இருக்க வேண்டியது 65 கிலோவாக இருக்கிறது என்று அர்த்தம். படகு ஏன் மந்தமாக ஓடுகிறது என்பதற்கும் அதுவே பதில். மேலே காய்ந்து தெரிவதை நம்பாதீர்கள். ஒரு அங்குலக் குழாயைச் செருகி அடிவரை மாதிரி எடுங்கள். ஊறிய பி.யு. வெயிலில் போட்டால் காயாது, மூடிய துளைக்குள் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. எடுத்துவிட வேண்டியதுதான். கை அரம்பம், மண்வெட்டி போதும்; எரித்து எடுக்கிறேன் என்று இறங்கினால் வரும் புகை கடும் நச்சு. ஒட்டியிருப்பதைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் நைலான் பிரஷாலும் எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் போட்டால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அரிப்பு தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஊற்றிய ஃபோம் இருந்த படகுகளில் தளப்பலகையை அதுவே பாதி தாங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்த பிறகு தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் 40 செ.மீ.க்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுமினியச் சேனல் சேர்க்க வேண்டும். அதேபோல் நடு சீட்டை வெட்டி எடுத்துவிட்டு இடம் பெரிதாக்கும் ஆசையும் பலருக்கு வரும். அந்த சீட் பக்கச்சுவர்களை இழுத்துப் பிடிக்கிறது, உள்ளே ஃபோமும் வைத்திருக்கிறது. எடுத்தால் இரண்டுக்கும் மாற்று செய்தாக வேண்டும்.

அளவுக் கணக்குக்கு வருவோம். தண்ணீருக்குள் போனால் பொருள்கள் எடை குறையும். அலுமினியம் தன் எடையில் 0.62 பங்கு, இரும்பு 0.87 பங்கு. படகின் எடையை ஊகிக்காதீர்கள். பழைய இரும்புக் கடையின் மேடைத் தராசில் முன்பக்கத்தை வைத்து ஒரு எடை, பின்பக்கத்தை வைத்து ஒரு எடை, இரண்டையும் கூட்டினால் போதும். இரண்டு முறையும் படகு கிடைமட்டமாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு வெறும் படகு 110 கிலோ என்று வையுங்கள்: 110 பெருக்கல் 0.62, அதாவது 68. இன்ஜின் 40 கிலோவை முழுதாகவே எடுங்கள். பாதி தண்ணீருக்கு மேல் நிற்கும் என்பதால் தள்ளுபடி வேண்டாம். பேட்டரி 15. நங்கூரம், சங்கிலி, கருவிகள் 12 கிலோ இரும்புக்கு 10.4, கூட்டி 11 என்று வையுங்கள். மூன்று பேர், ஆளுக்கு 75 கிலோ. மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி எடை என்று எடுத்தால் 112. பெட்ரோல் தானே மிதக்கும், விட்டுவிடலாம். தளப்பலகை மரமும் மிதக்கும், ஆனால் இரண்டு வருடம் ஊறிய பிறகு அதை நம்ப முடியாது, அதையும் சேர்க்காதீர்கள். மொத்தம் 246. கால் பங்கு கூடுதல் சேர்த்தால் 307 கிலோ.

எக்ஸ்.பி.எஸ். லிட்டருக்கு 0.97 கிலோ தாங்கும், நல்ல தண்ணீரில். கடல் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் மழைக்காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளமாக இறங்கும்போது முகத்துவாரத்தில் இருப்பதும் நல்ல தண்ணீர்தான், அதனால் அந்தக் கணக்கே பாதுகாப்பு. 307ஐ 0.97ஆல் வகுத்தால் 317 லிட்டர். 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை ஒன்பது என்றால் 337 லிட்டர். வெட்டுக் கழிவையும் சேர்த்துப் பத்தாக வாங்குங்கள்.

அந்த 317 லிட்டரை எங்கே வைப்பது என்பதுதான் எந்த ஃபோம் என்பதைவிட உயிர் சம்பந்தப்பட்டது. எல்லாவற்றையும் தளத்துக்கு அடியில் திணித்துவிட்டால் படகு மூழ்காது. ஆனால் தண்ணீர் நிறைந்ததும் கீழிருந்து ஃபோம் மேலே தள்ள, மேலே இருக்கும் இன்ஜினும் ஆட்களும் கீழே வர, குப்புறக் கவிழும். கவிழ்ந்து மிதக்கும் படகின் வழுக்கும் அடிவயிற்றை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஃபோம் உயரத்திலும் ஓரத்திலும் இருந்தால், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மூழ்கும் ஃபோம் நிமிர்த்தி விடும். கம்பெனிப் படகுகளில் தளத்துக்கு அடியிலும் ஃபோம் இருக்கிறதே என்றால், மேலே வைக்க வேண்டியதை வைத்த பிறகு மீதிக் கணக்கை அங்கே நிரப்பியிருப்பார்கள்.

இந்தப் படகுக்கு என் பங்கீடு இப்படி. பின்பலகையை ஒட்டி இடது வலது மூலைகளில் 30, 30 லிட்டர். இது இன்ஜினையும் பேட்டரியையும் மட்டும் தாங்க. பக்கங்களில் விளிம்புக்குக் கீழே 100 மி.மீ. கனம், 200 மி.மீ. உயரம், 2.4 மீட்டர் நீளம் என்றால் பக்கத்துக்கு 48 லிட்டர், இரண்டுக்கும் 96. மூன்று சீட்டுகளிலும் மேல் பாதியில் 50 லிட்டர் வீதம் 150. அணியத்தில் 15. கூட்டினால் 321. தளத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அது தண்ணீர் ஓடி வடிவதற்கும் காற்றுப் போவதற்கும்.

டேங்க் பின்பக்கம் வைக்கும் வழக்கம் என்றால் அந்த இரு மூலைகளும் பின் சீட்டும் இ.பி.இ.யாக இருக்கட்டும்.

வேலை வரிசை முக்கியம். வெல்டிங், ரிவெட் எல்லாம் முடிந்த பிறகே ஃபோம் உள்ளே போக வேண்டும். ஒரு பொறி போதும், பாலிஸ்டைரினும் பி.யு.வும் பிடித்துக்கொள்ளும். முதலில் காலிப் படகுக்குள் ஒரு சாண் அளவு தண்ணீர் விட்டு, வெளியே கசியும் ரிவெட்டுகளைச் சாக்பீஸால் குறியுங்கள். அடியில் முட்டுக்கட்டைகளை நெருக்கமாகக் கொடுத்த பிறகு செய்யுங்கள், நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. கசியும் ரிவெட்டை அடித்து இறுக்கலாம், இல்லையென்றால் மாற்றலாம். பாப் ரிவெட் போடுவதானால் முனை மூடிய வகை, உள்ளூசியும் அலுமினியமாக இருக்க வேண்டும். சாதாரண வகையில் இரும்பு ஊசித்தலை உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். அடைக்க பாலியூரித்தேன் சீலண்ட். வினிகர் வாசம் வரும் சிலிகான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் அலுமினியத்தைத் தின்னும்.

பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, வெள்ளை மாவு படிந்த இடங்களை நீர்த்த வினிகரால் தேய்த்து மறுபடி கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, குழிகளுக்கு எபாக்சி போடுங்கள். ஃபோம் உட்காரும் இடங்களில் 20 மி.மீ. உயரத்துக்கு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பட்டைகள். பழைய எச்.டி.பி.இ. குழாயை நீளவாக்கில் பிளந்தாலும் நடக்கும். ஃபோம் அந்தப் பட்டைகளின் மேல்தான் உட்கார வேண்டும், எங்கேயும் தகட்டில் முழுப் பரப்பாகப் படக் கூடாது. ஒவ்வொரு சீட் பெட்டியின் கீழ்மூலையிலும் 20 மி.மீ. வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். வெட்டும்போது அளவைவிடப் பக்கத்துக்கு 5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். வெயிலில் பாலிஸ்டைரின் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும். இறுக்கித் திணித்தால் ஒவ்வொரு அசைவுக்கும் கிறீச்சிடும், பிறகு உடையும்.

ஃபோமை பாலித்தீனில் சுற்றலாமா என்று கேட்பார்கள். எக்ஸ்.பி.எஸ்.ஸைச் சுற்ற வேண்டாம். உறைக்குள் போகும் தண்ணீர் வெளியே வருவதில்லை. ஒட்டுவதற்கு ரப்பர் பசையும் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரினை உருக்கிவிடும். ஃபைபர் பட்டறையின் பாலியெஸ்டர் ரெசினும் அப்படியே. எபாக்சி மட்டும் உருக்காது. உண்மையில் ஒட்டவே தேவையில்லை. பக்கச்சுவரில் அலுமினியக் கோணச் சட்டமும் நைலான் பட்டையும் கொடுத்துக் கட்டினால் வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கலாம். கட்டு உறுதியாக இருக்க வேண்டும்: 48 லிட்டர் பலகை மூழ்கும்போது 46 கிலோ விசையோடு மேலே வரப் பார்க்கும். மேல் மூடி வைத்தால் 316 தர ஸ்டெயின்லெஸ் திருகு, துத்தநாக குரோமேட் பசையோ பாலியூரித்தேன் சீலண்டோ தடவி.

தளப்பலகைக்கு 710 முத்திரை மெரின் பிளைவுட் வாங்குவீர்கள். அதில் பூச்சி, பூஞ்சை வராமல் செம்பு கலந்த மருந்து ஏற்றுவது வழக்கம். செம்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியத்துக்கு ஆகாது. ஆறு பக்கமும், ஓரங்களுக்குக் கூடுதலாகவும், எபாக்சி அடித்து, சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே ரப்பர் பட்டை வைத்துத்தான் பூட்ட வேண்டும். இதே காரணத்தால் ஃபைபர் படகுக்கு அடிக்கும் செம்பு கலந்த அடிப் பெயின்ட் உங்கள் படகுக்குக் கிடையாது. பட்டறையில் கையோடு அடித்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் விசைப்படகு வேலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்போ பின்போ போனால்தான் நீங்கள் சொல்வது காதில் விழும்.

எல்லாம் முடிந்ததும் மூழ்கடித்துப் பாருங்கள். அலையில்லாத இடம், இடுப்பளவு ஆழம், பக்கத்தில் நான்கு பேர். இன்ஜினையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அவற்றுக்கு ஈடாக எடை வையுங்கள். மணல் மூட்டையும் தண்ணீருக்குள் 0.62 பங்குதான் எடை காட்டும், ஆகவே 40 கிலோ இன்ஜினுக்குப் பதில் 65 கிலோ காய்ந்த மணல் பின்பலகையில் கட்ட வேண்டும். வடிகால் அடைப்பைத் திறந்து தண்ணீரை நிரம்ப விடுங்கள். விளிம்பு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பின்பக்கம் மட்டும் மூழ்கினால் மூலைகளில் ஃபோம் போதவில்லை; நடு சீட்டிலிருந்து எடுத்துப் பின்னே மாற்றுங்கள். பிறகு ஒரு பக்க விளிம்பில் ஒருவர் முழு பாரத்தோடு தொங்கட்டும். சாய வேண்டும், புரளக் கூடாது. புரண்டால் சீட்டுகளில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துப் பக்கவாட்டில் சேர்த்து மறுபடி பாருங்கள். அரை நாள் அப்படியே விட்டு, எடுத்ததும் இரண்டு மூன்று ஃபோம் துண்டுகளை வெளியே எடுத்து எடை போட்டு, அந்த எண்ணை மூடியின் உட்புறம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அது வேண்டும்.